சுவரில் எழுதாத பாதி

தச்சூர் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் வடக்கே திரும்பியதும் நான் இடப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். கவரைப்பேட்டைக்குச் சற்று முன்னால், வயலோரத்தில், யாரோ கட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட சுவர் ஒன்று நின்றது. அதில் நீலப் பெயிண்டில் ரோமர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்துக் கடைசி வசனம் எழுதியிருந்தது. முழு வசனம் அல்ல, முதல் பாதி மட்டும். பாவத்தை ஒரு முதலாளி போலவும், சாவை அது எண்ணிக் கொடுக்கும் சம்பளம் போலவும் பேசுகிற பாதி. அதற்குமேல் சுவரில் இடம் இல்லை.

1989-இல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருக்காலையின் டைம் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து பல வருஷம் தினமும் காலையில் அந்தச் சுவர் என்னைக் கடந்து போனது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், எத்தனை ஷிப்ட், எவ்வளவு ஓ.டி. என்று கணக்கு எழுதுவது என் வேலை. செய்ததற்கு ஏற்ற சம்பளம், செய்யாததற்குப் பிடித்தம். அந்தச் சுவர் என் வேலையைத்தான் கடவுளின் பெயரால் சொல்கிறது என்று வெகுகாலம் நம்பினேன். கடவுளும் ஒரு டைம் ஆபீஸ் வைத்திருக்கிறார், அங்கே பிடித்தம் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் பொன்னேரிக்குக் கிழக்கே, ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியைத் தேடிப் போகிற வழியில். நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார். ஊரில் ஓடு வேய்ந்த சிறிய வேதக்கோயில் ஒன்று உண்டு. மாதத்துக்கு ஒருமுறை ஐயர், அதாவது பாதிரியார், வருவார். மற்ற நாட்களில் எல்லாம் உபதேசியார்தான். சாயங்காலம் அரிக்கன் விளக்கைச் சுற்றி எங்களை உட்காரவைத்து விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடம் செய்யச் சொல்வார்.

அந்தச் சின்ன அறிக்கைக்குள் முழுக் கிறிஸ்தவமும் மடித்து வைத்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, மனிதனாகப் பிறந்து, சிலுவையில் மரித்து, உயிர்த்தெழுந்த குமாரன், சபையில் உயிரோடு இயங்கும் பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, உடலோடு எழுந்திருத்தல், முடிவில்லாத வாழ்வு. இயேசு யார் என்று சபைகளுக்குள் பெரிய வழக்கு எழுந்தபோது, 325-இல் நிசேயாவில் பேராயர்கள் கூடி, குமாரன் படைக்கப்பட்டவர் அல்ல, பிதாவோடு ஒரே தன்மையுள்ள தெய்வம் என்று அறிக்கை செய்தார்கள். 381-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கூடிய சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் நிசேயா பிரமாணத்தை இன்றும் திருவிருந்து ஆராதனையில் சொல்கிறோம். உபதேசியார் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அதைவிடச் சிறியதான அப்போஸ்தலர் பிரமாணம்.

மூன்று பேர் எப்படி ஒரே கடவுள் ஆவார்கள் என்று நான் கேட்டேன். "புரிஞ்சிக்கினு அப்புறம் கும்பிடலாம்னு இருந்தா யாரும் கும்பிட முடியாது கண்ணு. நீ கும்பிடு, கொஞ்சங்கொஞ்சமா புரியும்" என்றார். கடவுள் தனிமையில் இருந்து அலுத்துப்போய் உலகத்தைப் படைக்கவில்லை, அவருக்குள்ளேயே அன்பு கொடுக்கலும் வாங்கலுமாக இருந்தது, அது நிறைந்து வழிந்ததுதான் படைப்பு என்று பல வருஷம் கழித்துப் படித்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்தது.

பிரமாணத்தில் நான் எப்போதும் ஓர் இடத்தில் தடுக்கி நிற்பேன். பொந்தியு பிலாத்து. வாயில் நுழையாத பெயர். இயேசுவை விட்டால் அந்த அறிக்கையில் இரண்டே இரண்டு மனிதர்களின் பெயர்தான் வருகிறது. ஒன்று அவரைப் பெற்ற மரியாள். இன்னொன்று அவரைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர் பிலாத்து. பேதுருவுக்கு இடம் இல்லை, பவுலுக்கு இடம் இல்லை, குற்றம் இல்லை என்று தெரிந்தும் தண்ணீர் வாங்கிக் கைகழுவிய அதிகாரிக்கு இடம் உண்டு. "அந்த ஆளு பேரு எதுக்கு?" என்று கேட்டேன். "இது கதை இல்லடா, நடந்தது. யாரு தாசில்தாரா இருந்தப்போ நடந்துச்சுன்னு பத்திரத்துல எழுதறோமில்ல, அந்த மாதிரி" என்றார். பிறகு முதுகில் தட்டி, "அங்கியே நிக்காத. மேல சொல்லு" என்பார்.

எங்கள் குடும்பம் வேதத்துக்கு வந்த கதையை ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். அவளுடைய காலத்தில் டீக்கடையில் எங்கள் சேரிக்காரர்களுக்குத் தனி டம்ளர். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். "கோயில்ல திருவிருந்துக்கு ஒரே கிண்ணம்டா. வெள்ளைக்கார ஐயரு வாய் வெச்ச கிண்ணத்துல எங்கம்மா வாய் வெச்சா. அவ வாய் வெச்சதுல இன்னொருத்தர் வாய் வெச்சாங்க" என்பாள். இறையியல் நூல்கள் அவதாரத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கின்றன. கடவுள் நம் சதையையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார், நாசரேத்தில் தச்சு வேலை செய்தார், அவருடைய கையில் காய்ப்பு இருந்திருக்கும். ஆயாவுக்கு அது அந்தக் கிண்ணத்தில் விளங்கியது. அந்தக் கிண்ணம் இருந்த சபைகளிலேயே சாதிக்கொரு பெஞ்சும் சாதிக்கொரு கல்லறையும் வைத்துக்கொண்டவர்கள் நாங்கள் என்பதையும் நான் மறைக்கக் கூடாது. பந்தியில் சமமாக உட்காரவைத்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரிசை பிரித்தோம்.

சிப்காட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயர் மத்தேயு 20-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையில் போய்க் கூலியாட்களை அழைத்து வருகிறார். ஒன்பது மணிக்கும், நடுப்பகலிலும், மூன்று மணிக்கும் போய் இன்னும் சிலரை அழைத்து வருகிறார். ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்கிறார்கள். ஆறு மணிக்கு எல்லாருக்கும் ஒரே கூலி, ஒரு வெள்ளிப்பணம், அந்தக் காலத்தின் ஒரு நாள் சம்பளம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள்.

கோயிலை விட்டு வெளியே வரும்போது என் பக்கத்தில் இருந்த ரோலிங் மில் தொழிலாளி கொதித்தார். "இன்னா சார் நியாயம் இது? ஒரு மணி நேரம் செஞ்சவனுக்கும் பன்னெண்டு மணி நேரம் செஞ்சவனுக்கும் ஒரே கூலின்னா நாளைக்கு எவன் காலைல வருவான்?" எனக்கும் அதே கோபம். டைம் ஆபீசையே கேலி செய்கிற கதை அது.

மறுநாள் காலை பைபாஸ் ஓரத்தில் வழக்கம்போல ஆட்கள் நின்றார்கள். மேஸ்திரி வேனில் வந்து விரலால் எண்ணி ஏற்றிக்கொண்டு போவார். இளைஞர்கள் முதலில் ஏறுவார்கள். ஒன்பது மணிக்கு நான் வேறு வேலையாக வெளியே வந்தபோது வயதானவர்களும் ஒல்லியானவர்களும் மிச்சமிருந்தார்கள். மதியம் வந்தபோதும் இருவர் மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து மணிக்கு நிற்கிறவன் சோம்பேறி அல்ல. நாள் முழுக்க யாரும் வேண்டாம் என்றவன். அவன் வீட்டு உலையும் ஒரு நாள் கூலிக்குத்தான் காத்திருக்கிறது. தோட்டத்துக்காரர் மணியைப் பார்த்துக் கொடுக்கவில்லை, அடுப்பைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். இது பாதி புரிந்தது. மீதிப் பாதி புரிய நானே ஐந்து மணிக்கு நிற்கிற ஆளாக வேண்டியிருந்தது.

2003, இரவு ஷிப்ட். உலைக்குப் போட்ட பழைய இரும்பில் வாய் மூடிய டப்பா ஒன்று கலந்துவிட்டது. அதற்குள் இருந்த காற்றும் ஈரமும் வெடித்து உருகிய இரும்பு தெறித்தது. பீகாரிலிருந்து வந்த ஒரு பையனின் வலது கை வெந்தது. காண்ட்ராக்ட் ஆட்களின் பெயரை, அவர்கள் கொடுத்த டோக்கனைப் பார்த்து ஷிப்ட் முடியும்போது மஸ்டரில் ஏற்றுவது வழக்கம். அன்று விடியற்காலையில் ஓர் அதிகாரி என் மேசைக்கு வந்தார். அந்தப் பையனின் பெயர் ஏறிவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

பெயர் ஏறாவிட்டால் அவன் அன்று வேலைக்கே வரவில்லை. வராதவனுக்கு விபத்து இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, கை ஊனமானால் பென்ஷன் இல்லை. நான் எதையும் அழிக்கவில்லை. பொய்யாக ஒரு எழுத்தும் எழுதவில்லை. எழுதாமல் விட்டேன். டோக்கனை டிராயரில் போட்டேன். பிறகு, எல்லா நாளும் செய்வதைப்போல, விரலில் பட்ட மையைப் போக்கக் குழாயடிக்குப் போய்க் கைகழுவினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. சின்ன வயதில் என் வாயில் நுழையாத பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவ அறிக்கையில் என் குரல் எழவில்லை. செய்த குற்றங்களோடு, செய்ய வேண்டியிருந்தும் செய்யாமல் விட்டவற்றையும் கடவுள்முன் சொல்வது எங்கள் ஆராதனை வழக்கம். இருபது வருஷமாக அதை மற்றவர்களோடு சேர்ந்து வாய்ப்பாடு போலச் சொல்லியிருந்தேன். பாவம் என்றால் குடி, சூது, திருட்டு என்று நினைத்திருந்தவன் நான். இங்கே ஒரு வெற்று வரி என் பாவமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. மத்தேயு 18-ஐத் திறந்து ஒரு கணக்குப் போடச் சொன்னார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஒரு வேலைக்காரன். ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் இரண்டு லட்சம் வருஷம் உழைக்க வேண்டும். ராஜா அந்தக் கடனை முழுவதும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வந்த வேலைக்காரன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். "கர்த்தர் கத்துக்குடுத்த ஜெபத்துல லூக்கா பாவம்னு எழுதற இடத்துல மத்தேயு கடன்னு எழுதறார், தெரியுமா?" என்றார் ஆயர். "நீங்க ஓ.டி. பாத்து அடைக்கிற கடன் இல்ல இது. அடைக்க முடியாது. அதனாலதான் சிலுவை." எழுந்தவர் வாசலில் நின்று, "ஆனா அந்தப் பையன் எங்க இருக்கான்? போய்ப் பாருங்க" என்றார்.

புதுகும்மிடிப்பூண்டியில் ஒரு தகர ஷெட் அறை. எட்டுப் பேர் தங்கியிருந்தார்கள். அவன் சுவரோரம் சாய்ந்திருந்தான், தோள்வரை கட்டு. ஒருவர் ஸ்டவ்வில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே, தெரிந்த கொஞ்சம் இந்தியையும் தமிழையும் கலந்து, மஸ்டரில் அவன் பெயரை எழுதாதவன் நான்தான் என்றேன்.

"தெரியும் அண்ணா. டோக்கன் உங்க கையிலதான குடுத்தேன்" என்றான்.

அதற்குமேல் என்னிடம் பேச்சு இல்லை. அவன் இடது கையால் ஒரு தட்டை என் பக்கம் நகர்த்தினான். இரண்டு ரொட்டி, கொஞ்சம் உருளைக்கிழங்கு, ஒரு பச்சைமிளகாய். "உக்காருங்க, சாப்பிடுங்க" என்றான். நான் இன்னும் எதையும் சரிசெய்திருக்கவில்லை. செய்வேன் என்று வாக்குக்கூடக் கொடுக்கவில்லை. எந்தக் கணக்கில் அந்த ரொட்டியை எழுதுவது? உட்கார்ந்து சாப்பிட்டேன். தொண்டையில் இறங்க வெகுநேரம் ஆனது.

அவன் என் மதத்துக்காரன் அல்ல. சுவரில் அவனுடைய சாமி படம் இருந்தது. அவன் கொடுத்ததை என் மதத்தின் பெயரில் வரவு வைத்துக்கொள்ள எனக்கு உரிமை கிடையாது. ஆனால் கிருபை என்று சிறுவயதிலிருந்து நான் ஜெபத்தில் சொல்லிவந்த சொல்லின் அர்த்தம் அந்தத் தட்டில்தான் எனக்கு எட்டியது. அது கூலி அல்ல. சம்பாதிக்க முடியாது. தகுதி வந்த பிறகு கிடைப்பதும் அல்ல. எரிகோவில் இயேசு வரிவசூல்காரன் சகேயுவின் வீட்டுக்குப் போன கதையிலும் வரிசை இதுதான். சகேயு திருந்தியதால் அவர் வீட்டுக்கு வரவில்லை. அவர் வந்ததால் சகேயு திருந்தினான். பிறகுதான், அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான். இலவசமாகக் கிடைத்தது அவனைச் சும்மா உட்காரவிடவில்லை.

மறுநாள் காலை டிராயரிலிருந்து டோக்கனை எடுத்து, அவன் பெயரை மஸ்டரில் எழுதி, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் கிடைக்கவில்லை. பல மாத இழுத்தடிப்புக்குப் பிறகு அவனுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் வந்தது. கை முழுதாகத் திரும்பவில்லை.

விபத்து நடந்த வருஷக் கடைசியில், ஸ்டோரில் என்னோடு வேலைசெய்த கத்தோலிக்க நண்பர் பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலுக்கு அழைத்துப் போனார். மீட்பில் கிருபைக்கும் விசுவாசத்துக்கும் கிரியைக்கும் என்ன இடம் என்ற சண்டையும் சேர்ந்துதான் அவருடைய சபையையும் எங்கள் புராட்டஸ்டன்ட் சபைகளையும் 16-ஆம் நூற்றாண்டில் பிரித்தது. 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும், மனிதன் நீதிமானாவது கடவுளின் கிருபையால்தான் என்று சேர்ந்து கையெழுத்திட்டார்கள் என்பதை அவர்தான் சொன்னார்.

கோயிலிலிருந்து டச்சுக்காரர் கல்லறைக்கு நடந்தோம். நுழைவாயிலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்கள். 1613-இல் இங்கே கோட்டை கட்டிய டச்சுக் கம்பெனி, அந்த நூற்றாண்டில் பஞ்சம் வந்த வருஷங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அனுப்பியது. அந்த வியாபாரிகள் எங்களைப்போலவே சீர்திருத்தச் சபைக்காரர்கள். அதே பிரமாணத்தைச் சொல்லியவர்கள். யாரோ ஒரு கிளார்க் தலைகளை எண்ணிக் கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பான். அவனும் சாயங்காலம் விரலில் பட்ட மையைக் கழுவியிருப்பான். அந்தக் கற்களுக்கு நடுவில் நின்றபோது அவனை நான் அந்நியனாக நினைக்கவில்லை.

மீட்பு என்ற சொல்லைத் திருவள்ளூர் மாவட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடகு வைத்த நகையை மீட்கிறோம். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குச் சிக்கிய இருளர் குடும்பங்களை அதிகாரிகள் வந்து மீட்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாது என்கிறது. பொன்னேரியில் அப்படி மீட்கப்பட்ட ஒரு தாய், விடுதலைச் சான்றிதழைப் படிக்கத் தெரியாமல், அதை மடிக்கவும் மனம் இல்லாமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றதை ஒருமுறை பார்த்தேன். இயேசுவை மீட்பர் என்று முதலில் அழைத்தவர்களுக்கு அடிமைச் சந்தை கண்முன் இருந்தது. அவர்கள் அந்தச் சொல்லைச் சொன்னபோது அந்தத் தாயின் முகம்தான் அவர்களுக்கும் இருந்திருக்கும்.

நைனா 2009-இல் இறந்தார். அதற்கு அடுத்த ஈஸ்டர் அன்று, விடிவதற்கு முன்னால், எங்கள் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தியோடு கூடினோம். ஆவி மட்டும் எங்கேயோ பிழைத்திருக்கும் என்று கிறிஸ்தவம் சொல்வதில்லை. இந்த உடல் எழும் என்கிறது. உயிர்த்தெழுந்த இயேசுவின் கையில் ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. தோமா அதைத்தான் பார்க்கக் கேட்டார். அந்தத் தோமாதான் பரங்கிமலையில் உயிர்விட்டார் என்பது நம் ஊர் மரபு. காயம் மறைந்துபோகாது, ஆனால் அதன்மேல் சாவுக்கு அதிகாரம் இல்லை. நைனாவின் வெடித்த பாதங்களையும் அந்தப் பையனின் வெந்த கையையும் நினைத்துக்கொண்டு அன்று பாடினேன்.

இப்போது பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். அதில் எழுதாத பாதி, கடவுள் தருவது சம்பளமே அல்ல, இயேசு கிறிஸ்து வழியாக வரும் கொடை, அது முடிவில்லாத வாழ்வு என்று சொல்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் அந்தப் பாதியைத்தான் முதலில் சொல்லித்தருகிறேன்.

போன மாதம் ஒரு சின்னப் பெண் பிரமாணத்தை ஒப்பித்தாள். பிலாத்துவின் பெயரில் தடுக்கி நின்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அந்த இடம் தெரியும். அங்கே எவ்வளவு காலம் நின்றிருக்கிறேன் என்பதும் தெரியும்.

"அங்கியே நிக்காதம்மா" என்றேன். "மேல சொல்லு."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்ந்தாள். சிலுவையைச் சொன்னாள், சாவைச் சொன்னாள், கல்லறையைச் சொன்னாள், பிறகு மூன்றாம் நாளைச் சொன்னாள்.